அப்பாவின் எச்.எம்.டி.யை ரோட்டரி டூலிடம் காட்டுவதற்கு முன்

குடியாத்தத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவரிடம் இரண்டு வாட்சுகள் இருக்கின்றன. ஒன்று, அப்பா கட்டியிருந்த, சாவி கொடுக்கும் எச்.எம்.டி. மற்றொன்று, தாம் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாங்கிய ஸ்டீல் செயின் டைட்டன். இரண்டும் மங்கிக் கீறல் விழுந்து கிடக்கின்றன. ஆன்லைனில் ரோட்டரி டூல் ஒன்று, அதாவது முனையில் சின்னச் சக்கரம் சுழலும் கைக்கருவி, வாங்கியாகிவிட்டது. பெட்டிக்குள் ஃபெல்ட் (அழுத்திய கம்பளி) சக்கரங்களும் பச்சை நிறத்தில் ஒரு பாலிஷ் கட்டியும் கூடவே வந்திருக்கின்றன. கடைக்குப் போகாமல் வீட்டிலேயே இரண்டையும் பளபளப்பாக்கிவிடலாமா என்பது கேள்வி.

டைட்டனை ஆக்கலாம். எச்.எம்.டி.யை அந்த டூலின் பக்கமே கொண்டுபோக வேண்டாம். ராணிப்பேட்டை சிப்காட்டில் டூல் ரூமில் அச்சுகளுக்குப் பாலிஷ் போட்டே பிழைத்தவன் நான். ஏன் இப்படிப் பிரித்துச் சொல்கிறேன் என்பதற்குக் கொஞ்சம் விளக்கம் வேண்டும்.

பாலிஷ் போட்டால் உலோகம் குறையும். கீறலை அழிப்பதாகப் பேச்சுக்குச் சொல்கிறோம். உண்மையில் கீறலின் அடிமட்டம் எங்கே இருக்கிறதோ, அதுவரை சுற்றியுள்ள பரப்பு முழுவதையும் தேய்த்து இறக்குகிறோம். ஆகவே முதலில் பார்க்க வேண்டியது, தேய்ப்பதற்கு அங்கே என்ன இருக்கிறது என்பதைத்தான்.

வாட்சைத் திருப்பிப் பின்மூடியைப் படியுங்கள். எழுத்து பொடியாக இருக்கும், லென்ஸ் வைத்துக்கொள்ளுங்கள். ‘ஆல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்’ என்றோ ‘ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேஸ்’ என்றோ இருந்தால் உடம்பு முழுவதும் எஃகு. ‘ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்’ என்று இருந்தால் ஏமாந்துவிடாதீர்கள். பின்மூடி மட்டும்தான் எஃகு, மற்றதெல்லாம் பித்தளையோ வேறு கலப்பு உலோகமோ, மேலே முலாம் என்று பொருள். கம்பெனிக்காரன் பொய் சொல்லவில்லை, பாதியைத்தான் சொல்லியிருக்கிறான். அந்தக் காலத்து வாட்சுகளில் இந்த வகை ஏராளம்.

எழுத்து தேய்ந்து போயிருந்தால் பெல்ட்டைக் கழற்றி, அதைப் பிடித்திருக்கும் நான்கு கொம்புகளின் உட்புறத்தைப் பாருங்கள். வியர்வை தேங்குகிற இடம் அது. முலாம் போட்ட வாட்சாக இருந்தால் விளிம்புகளில் மஞ்சள் எட்டிப் பார்க்கும், மூலையில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கும். எஃகில் களிம்பு வராது, கருப்பாகப் பொடிக்குழிகள் விழும். காந்தம் வைத்துச் சோதிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். பித்தளையிலும் காந்தம் ஒட்டாது, வாட்சுக்கு வழக்கமாகப் பயன்படும் எஃகிலும் ஒட்டாது. சோதனையால் ஒன்றும் தெரியாது. சாவி கொடுக்கும் வாட்சாக இருந்தால் புதிதாக ஒரு கோளாறுதான் வந்து சேரும்.

அலங்கார முலாமில் மேலே தெரியும் குரோம் பெரும்பாலும் அரை மைக்ரானைத் தாண்டாது. அதற்கு அடியில் நிக்கல் பத்து, பதினைந்து மைக்ரான் இருக்கலாம். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கண்ணுக்குத் தெரிகிற கீறல் பெரும்பாலும் இந்தக் குரோமைவிட ஆழமானது. எனவே அந்தக் கீறல் மறைவதற்குள் குரோம் போய்விடும். ரோட்டரி டூலுக்குச் சில நொடி வேலை அது. தங்க முலாம், கருப்புப் பூச்சு, ரோஸ் கோல்டு எல்லாவற்றுக்கும் இதே கணக்குத்தான். எடை குறைந்து, சற்றுச் சாம்பல் நிறமாக இருந்தால் அது டைட்டேனியம். அதையும் வீட்டில் தொட வேண்டாம். அதன் தூள் தீப்பிடிக்கக்கூடியது.

தம்பி அனுப்பிய விவரத்தில் எச்.எம்.டி.யின் ஓரத்தில் மஞ்சள் தெரிகிறது என்று ஒரு வரி இருக்கிறது. அந்த ஒரு வரி போதும்.

அடுத்து அழுக்கு. மங்கிவிட்டது என்று கொண்டுவரும் வாட்சுகளில் பாதிக்குப் பாலிஷே தேவைப்படாது. வேலூர் வெயிலைப் பற்றி வேலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கத்திரி வெயிலில் ஒரு மணி நேரம் வண்டி ஓட்டினால் கையில் வழியும் வியர்வை செயினின் கண்ணிகளுக்குள் இறங்கி, தோலின் பொடியோடும் ரோட்டுத் தூசியோடும் சேர்ந்து இறுகிவிடுகிறது. அதில் இருக்கும் உப்பு எஃகையும் மெல்ல அரிக்கும். முதலில் இதை எடுங்கள். எடுத்த பிறகு பார்த்தால், பாலிஷ் வேண்டும் என்று நினைத்ததே மறந்துவிடக்கூடும்.

செயினை வாட்சிலிருந்து கழற்றிவிடுங்கள். இரண்டையும் இணைத்திருக்கும் ஸ்பிரிங் பின் தெறித்து ஓடும், எனவே ஒரு தட்டின் மேல் துண்டை விரித்து அதில் வைத்துச் செய்யுங்கள். நகைப்பட்டறையில் பத்தர்கள் பூந்திக்கொட்டைத் தண்ணீரில்தான் நகையை ஊறவைத்துத் துலக்குவார்கள். செயினுக்கும் அதைவிட நல்லது எனக்குத் தெரிந்து இல்லை. நான்கைந்து கொட்டைகளை உடைத்து வெந்நீரில் போட்டு, நுரை வந்ததும் தண்ணீர் கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறட்டும். அதில் செயினை அரை மணி நேரம் விட்டு, மென்மையான பல் துலக்கும் பிரஷ்ஷால் கண்ணிகளை மடக்கி மடக்கித் தேய்க்க வேண்டும். சாம்பல் நிறத்தில் கூழாக வெளியே வருவதைப் பார்த்தால் இதையா இத்தனை நாள் கையில் கட்டிக்கொண்டிருந்தோம் என்று இருக்கும். பூந்திக்கொட்டை கிடைக்காவிட்டால் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு போதும். புளி, எலுமிச்சை, பித்தளை விளக்குக்குப் போடும் பொடி எதுவும் வேண்டாம். பிளீச்சிங் பவுடர் கலந்த தண்ணீர் கூடவே கூடாது, எஃகில் குழி விழுவதற்கு அது குறுக்குவழி.

கடைசி அலசலைப் போர் தண்ணீரில் செய்தால் காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்து நிற்கும். குடிக்கிற ஆர்.ஓ. தண்ணீரிலோ பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரிலோ ஒரு முக்கு முக்கி எடுத்து, பருத்தித் துணியில் ஒற்றி, மின்விசிறிக் காற்றில் காயவையுங்கள்.

வாட்சின் தலைப்பகுதியை, அதாவது செயின் போக மீதியை, தண்ணீருக்குள் போட வேண்டாம். ‘வாட்டர் ரெசிஸ்டன்ட்’ என்று எழுதியிருப்பது புதிதாக இருந்த நாளின் நிலவரம். உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் காலப்போக்கில் இறுகி வெடித்துவிடும். பழைய எச்.எம்.டி.யில் அந்தப் பாதுகாப்பை எதிர்பார்க்கவே வேண்டாம். பிழிந்த ஈரத்துணியால் துடைத்தால் போதும். பின்மூடிக்கும் உடம்புக்கும் நடுவே உள்ள இடுக்கில் அழுக்கு கருப்புக் கோடாகப் படிந்திருக்கும். அதற்குக் குண்டூசியோ கத்தி முனையோ வேண்டாம். விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவி, முனையைச் சாய்வாகச் சீவி, லேசாக நனைத்துக்கொண்டு, அந்தக் கோட்டிலேயே ஓட்டுங்கள். ஈர்க்கு உலோகத்தைவிட மென்மையானது, கீறாது. முனை மழுங்கினால் மறுபடி சீவிக்கொள்ளலாம். ஈர்க்குக்குப் பஞ்சமா நம் வீடுகளில்!

இப்போது டைட்டனுக்கு வருவோம். அழுக்கு போன பிறகும் கீறல் தெரிகிறது என்றால், கீறலின் குறுக்காக நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டாமல் வழுக்கிக்கொண்டு போனால் அது பாலிஷில் போகும். நகம் தடுக்கினால் விட்டுவிடுங்கள். அந்த ஆழத்துக்குச் சுற்றிலும் இறக்கினால் கொம்பு மெலிந்து, முனை மழுங்கி, வாட்சின் முகமே மாறிப்போகும். ஒரு கீறலோடு இருக்கும் வாட்ச் தேய்ந்துபோன வாட்சைவிட அழகு. பழைய வாட்சுகளைச் சேகரிப்பவர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள். பாலிஷ் படாத உடம்புக்குத்தான் அவர்களிடம் மதிப்பு.

செயினில் எந்தப் பக்கம் பளபளப்பு, எந்தப் பக்கம் கோடு கோடாக மேட் என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பெரும்பாலான செயின்களில் இரண்டும் கலந்திருக்கும். மேட் பரப்பில் பஃப், அதாவது பாலிஷ் போடும் சக்கரம், பட்டால் அந்த இடம் மட்டும் எண்ணெய் பட்ட காகிதம்போல் தனியாகத் தெரியும். எனவே பளபளப்புப் பகுதியை மட்டும் விட்டு, மற்றதை மாஸ்கிங் டேப்பால் இரண்டு அடுக்காக மூடுங்கள். பின்மூடியில் இருக்கும் எண்களுக்கும் எழுத்துகளுக்கும் மேலேயும் டேப் ஒட்டுங்கள். அவை தேய்ந்தால் திரும்பக் கிடைக்காது.

ரோட்டரி டூலின் வேகத்தைப் பார்த்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். உண்மையான சிக்கல் சக்கரத்தின் அளவில் இருக்கிறது. பட்டறையில் 6 அங்குல பஃப் நிமிடத்துக்கு 2,800 சுற்று சுற்றினால் அதன் விளிம்பு நொடிக்கு 22 மீட்டர் வேகத்தில் ஓடும். உங்கள் டூலில் இருக்கும் 13 மில்லிமீட்டர் ஃபெல்ட், 10,000 சுற்றில்கூட நொடிக்கு 7 மீட்டரைத் தாண்டாது. பட்டறை மோட்டார்தான் வேகம். ஆனால் பெரிய பஃப் ஒரே நேரத்தில் அகலமாகப் படும், மேடு பள்ளத்தைச் சமன் செய்துகொண்டே போகும். சின்னச் சக்கரம் பட்டாணி அளவு இடத்தில்தான் படும். அங்கேயே அரை நொடி நின்றாலும் பள்ளம் பறிக்கும். தட்டையாக இருந்த பரப்பு பளபளப்பாகத்தான் வரும், ஆனால் டியூப் லைட்டைப் பிரதிபலித்துப் பார்த்தால் கோடு நெளிந்து நெளிந்து தெரியும். வீட்டில் பாலிஷ் போட்ட வாட்சை அந்த நெளிவை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

ஆகவே டூலை வளைந்த பரப்புகளுக்கும், விரல் நுழையாத இடுக்குகளுக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். செயினின் கொக்கி ஓரம், கண்ணிகளின் உருண்டை விளிம்பு போன்றவை அதற்கு ஏற்ற இடங்கள். தட்டைப் பரப்புக்கு நம் ஊர்க்காரர்களுக்கு வேறொரு வசதி இருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று திரும்பிய பக்கமெல்லாம் தோல் பட்டறை, ஷூ கம்பெனி. ஒரு துண்டுத் தோல் கேட்டால் யாரும் இல்லை என்று சொல்லப் போவதில்லை. ஐஸ்கிரீம் குச்சி அகலத்தில் தட்டையான மரத்துண்டு ஒன்றில், தோலின் சொரசொரப்பான பக்கம் வெளியே இருக்கும்படி ஒட்டி, பச்சைக் கட்டியை அதில் தேயுங்கள். அந்தக் குச்சியை நீளவாக்கில் அழுத்தாமல் இழுத்தால் தட்டை தட்டையாகவே இருக்கும், விளிம்பும் கூராகவே நிற்கும். கால் மணி நேரம் கூடுதலாக ஆகும். ஆகட்டும்.

அந்தப் பச்சைக் கட்டியின் நிறத்துக்குக் காரணம் குரோமியம் ஆக்சைடு. எஃகுக்கு ஏற்றது அதுதான். சிவப்புக் கட்டி தங்கம், வெள்ளிக்கு உரியது. அதில் இருப்பது இரும்பு ஆக்சைடு, எஃகில் அதற்கு வேலை குறைவு. ஒரு சக்கரத்துக்கு ஒரு கட்டி என்று பிரித்துவிடுங்கள், கலக்காதீர்கள். ஃபெல்ட்டில் கெட்டியானதைத் தேர்ந்தெடுங்கள். மெத்தென்ற துணிச் சக்கரம் விளிம்புகளை வழித்து உருட்டிவிடும்.

வேகத்தை டூலின் மிகக் குறைந்த எண்ணில் வைத்துத் தொடங்குங்கள். இந்த வகை டூல்கள் 30,000 சுற்றுக்கு மேலும் போகும். ஆனால் பாலிஷ் சக்கரங்களை 15,000-க்கு மேல் ஓட்டக் கூடாது என்று இந்த டூல்களைத் தயாரிக்கும் டிரெமல் நிறுவனமே சொல்கிறது. மீறினால் ஃபெல்ட் பிய்ந்து முகத்தில் அடிக்கும். சுழலும் சக்கரத்தைக் கட்டியில் ஒரு நொடி தொட்டு எடுத்தால் போதும், அப்பிக்கொள்ளக் கூடாது. பிறகு டூலின் எடை மட்டும் படும்படி பரப்பில் வைத்து, நிற்காமல் நகர்த்துங்கள். கருப்பாக ஒரு கோடு பின்னால் வரும். சக்கரம் வேலை செய்கிறது என்பதற்கு அதுவே அடையாளம், அழுக்கு என்று பயப்பட வேண்டாம். துடைத்துவிட்டுப் பாருங்கள், அடியில் பளபளப்பு வந்திருக்கும். வராவிட்டால் அழுத்தத்தைக் கூட்டாமல் இன்னொரு முறை ஓட்டுங்கள்.

சக்கரம் எப்போதும் விளிம்பைத் தாண்டி வெளியே ஓடும் திசையில் படட்டும். விளிம்பை எதிர்த்துப் பட்டால் கொக்கிபோல் மாட்டி, பிடித்திருப்பதைப் பிடுங்கி எறிந்துவிடும். செயினைக் கையில் தொங்கவிட்டுப் பிடிப்பது இதனால்தான் ஆபத்து. கண்ணி கண்ணியாக மடங்குகிற பொருள், சக்கரம் பிடித்தால் சாட்டைபோல் சுழலும். ஒரு மரக்கட்டையில் வைத்து இரண்டு முனைகளையும் டேப்பால் இறுக்கிவிட்டே தொடங்குங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் மாஸ்க்கும் கட்டாயம். வேட்டி நுனி, தோளில் துண்டு, துப்பட்டா, கழுத்துச் சங்கிலி எதுவும் முன்னால் தொங்கக் கூடாது. கையுறையும் வேண்டாம், சக்கரம் துணியைப் பிடித்தால் விரலையும் சேர்த்தே இழுக்கும். வெறும் விரலில் இன்னொரு லாபமும் உண்டு. உலோகம் சுடுகிறது என்று விரல் உடனே சொல்லிவிடும். சுட்டால் நிறுத்துங்கள்.

அந்தச் சூட்டை வைத்துத்தான், வாட்சின் தலைப்பகுதியை, வாட்சை ஓட்டும் மெஷின் உள்ளே இருக்கும்போது டூலில் காட்ட வேண்டாம் என்கிறேன். சூடு ரப்பர் வளையத்தையும், கண்ணாடியை ஒட்டியிருக்கும் பசையையும், உள்ளே இருக்கும் எண்ணெயையும் பதம் பார்க்கும். பாலிஷ் தூள் சாவித் துளை வழியாக உள்ளே போனால் பற்சக்கரங்களுக்கு அது எமரித் தூள்தான். டூலின் மோட்டாருக்குள் காந்தப் புலம் வேறு இருக்கிறது. சாவி கொடுக்கும் வாட்சில் ஓட்டத்தைச் சீராக்கும் மெல்லிய சுருளான ஹேர் ஸ்பிரிங் காந்தமேறினால் அதன் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டி, வாட்ச் விறுவிறுவென்று முன்னே ஓடும். கைபேசியில் திசைகாட்டியைத் திறந்து வாட்சைப் பக்கத்தில் கொண்டுபோனால் முள் கண்டபடி திரும்புவதைப் பார்க்கலாம். ரிப்பேர் கடையில் காந்தம் இறக்கும் கருவி இருந்தால் சில நொடி வேலை. தலைப்பகுதிக்குப் பாலிஷ் வேண்டுமென்றால், செல் மாற்றக் கொடுக்கும்போது மெஷினையும் கண்ணாடியையும் கழற்றி வெறும் உடம்பைத் தரச் சொல்லுங்கள். கடைக்காரர் ஒருமாதிரி பார்ப்பார், தருவார். மறுபடி மாட்டும்போது ரப்பர் வளையத்தைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள்.

மேட் பரப்பில் கீறல் இருந்தால் பஃப்புக்கு அங்கே வேலையே இல்லை. பாத்திரம் தேய்க்கும் பச்சை நார்ப் பட்டையின் புதுத் துண்டு ஒன்றை மரக்கட்டையில் சுற்றி, பழைய கோடுகள் ஓடும் திசையிலேயே, ஒரே பக்கமாக இழுங்கள். போய்த் திரும்பக் கூடாது. ஸ்கேல் ஒன்றை ஓரத்தில் வைத்துக்கொண்டால் கை கோணாது.

எல்லாம் முடிந்ததும் செயினை மறுபடி பூந்திக்கொட்டைத் தண்ணீரில் போடுங்கள். பாலிஷ் கட்டியில் இருக்கும் மெழுகு கண்ணிகளுக்குள் தங்கினால் அடுத்த வாரமே கருப்பாகக் கசிந்து சட்டைக் கையை அழுக்காக்கும்.

கண்ணாடியைப் பற்றி இரண்டே வரி. பழைய எச்.எம்.டி.யில் இருப்பது பெரும்பாலும் அக்ரிலிக், அதாவது பிளாஸ்டிக். பற்பசையை விரல் நுனியில் தொட்டு வட்டமாகத் தேய்த்தாலே கீறல் போய்விடும், டூல் பட்டால் உருகிவிடும். டைட்டனில் மினரல் கிளாஸோ சஃபையரோ இருக்கும். பச்சைக் கட்டியால் அதில் ஒன்றும் ஆகாது, கீறல் உறுத்தினால் புதுக் கண்ணாடி மாற்றுவதுதான் வழி.

மீதி இருப்பது அப்பாவின் எச்.எம்.டி. ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து பெங்களூரில் 1961-ல் தொடங்கிய வாட்ச் தயாரிப்பு அது. எச்.எம்.டி. வாட்சஸ் நிறுவனத்தை மூட 2016-ல் மத்திய அரசு முடிவு செய்தது. இப்போது கடைகளில் இருக்கும் உதிரிப்பாகம் பழைய இருப்பு, அல்லது வேறு வாட்சிலிருந்து கழற்றியது. உடம்பைக் கெடுத்துக்கொண்டால் அதே அச்சில் இன்னொன்று கிடைப்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. எனவே அதற்கு ஈர்க்கு, ஈரத்துணி, பற்பசை, அவ்வளவுதான். மூலையில் இருக்கும் பச்சைக் களிம்பை மட்டும் ஈர்க்கால் முழுமையாக எடுத்துவிடுங்கள். விட்டால் முலாமுக்கு அடியிலேயே பரவும். மஞ்சள் தெரிகிற ஓரம் அப்படியே இருக்கட்டும். மறுபடி முலாம் போட்டுத் தருகிறோம் என்பவர்களிடம் கொடுத்தால், முலாம் போடுவதற்கு முன் அவர்களும் பஃப்பில்தான் காட்டுவார்கள். செலவழிக்கத் தோன்றினால் மெஷினுக்குச் செலவழியுங்கள். பிரித்துக் கழுவி எண்ணெய் போடத் தெரிந்த கைகள் வேலூரில் இன்னும் இருக்கின்றன. எண்ணெய் காய்ந்த மெஷினைத் தினமும் சாவி கொடுத்து ஓட்டுவதுதான் அதற்குச் செய்யும் பெரிய கெடுதல்.

அதைவிட முந்தைய தலைமுறையின் ஸ்விஸ் வாட்ச் ஏதாவது வீட்டில் இருந்து, முள்ளிலும் எண்களிலும் பழுப்பேறிய ஒளிப்பூச்சு தெரிந்தால் பின்மூடியைத் திறக்காதீர்கள், டயலைச் சுரண்டாதீர்கள். அந்தக் காலத்தில் அதற்கு உண்மையான ரேடியத்தையே பூசினார்கள். இருட்டில் ஒளிர்வது எப்போதோ நின்றிருக்கும், கதிர்வீச்சு நிற்காது. அதன் அரை ஆயுள் 1,600 ஆண்டு.

எச்.எம்.டி.க்குப் புது பெல்ட் போடுங்கள். கொம்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை ஸ்கேலில் அளந்துகொண்டு போனால் ஆம்பூரிலேயே தோல் பெல்ட் தைத்து வாங்கலாம். பெல்ட்டின் உட்புறத்தில் சாயம் ஏற்றாத தோலாகக் கேளுங்கள், வியர்வையில் நிறம் இறங்காது. ஸ்பிரிங் பின் இரண்டையும் அதே நாளில் மாற்றிவிடுங்கள். துருப்பிடித்த பின் வண்டி ஓட்டும்போது அறுந்தால், பாலாற்றுப் பாலத்தின் நடுவில் வண்டியைத் திருப்பிக்கொண்டு தேட முடியாது.